3,450 ரூபாக்கு 'வகுப்பு ஒழுங்கு' பெட்டி: ஒரு வருசம் பாவிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்

போன தையில பள்ளிக்கூடம் துவங்க ஒரு கிழமை முந்தி யாழ்ப்பாணத்தில பெரியகடைப் பக்கம் ஒரு கொப்பிக் கடைக்குப் போனனான், போனது டிமைத் தாளும் நாலு பிளாட்டிக்னம் பேனையும் வாங்கத்தான், ஆனா சாறியைப் பாத்தோண்ண கடைக்காரத் தம்பி என்னை ரீச்சர் எண்டு கண்டுபிடிச்சிட்டார். "ரீச்சர், உதை ஒருக்காப் பாருங்கோ, இப்ப எல்லா இன்ரநாஷனல் ஸ்கூல்காரரும் உதைத்தான் வாங்கினம்" எண்டு ஒரு பெரிய கலர்ப் பெட்டியை மேசையில தூக்கி வைச்சார். பெட்டிக்கு மேல நாலு பிள்ளையள் கைகட்டிச் சிரிச்சுக்கொண்டு வடிவா இருக்கினம். ரெண்டாம் வகுப்பில 31 பிள்ளையள் வரப்போகுது எண்டு அதிபர் போன் பண்ணிச் சொல்லி ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது, அதுதான் அந்தச் சிரிப்பில விழுந்திட்டன் எண்டு நினைக்கிறன். விலை 3,450. ஸ்ரிக்கரைச் சுரண்டிப் பாத்தா அடியில 2,900 எண்டு இன்னொரு ஸ்ரிக்கர், அதைப் பத்திக் கேட்டா "உது பழைய ஸ்ரொக் விலை ரீச்சர்" எண்டார், சரி எண்டு விட்டிட்டன்.

கனபேர் என்னட்டக் கேட்டுக்கொண்டிருக்கினம், அந்தப் பெட்டி வாங்கலாமோ எண்டு, அதிலயும் முன்பள்ளி ரீச்சர்மார் கனக்க. ஒவ்வொருத்தருக்கும் வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டு அலுத்துப்போச்சு, அதுதான் ஒரேயடியா எழுதுறன். முதலே சொல்லுறன், முழுப் பெட்டியாப் பாத்தா ஐஞ்சுக்கு ரெண்டு. ஆனா உள்ளுக்க ஒரு சாமான் இருக்கு, அதுக்கு மட்டும் எண்டா ஐஞ்சுக்கு ஐஞ்சு குடுப்பன், அது என்னெண்டு பிறகு சொல்லுறன்.

பெட்டிக்க இருக்கிறது: லமினேற் பண்ணின விதிக் கார்ட் பத்து, பச்சை மஞ்சள் சிவப்பு எண்டு லைற் மாதிரி ஒரு பெரிய சார்ட், அதில குத்துறதுக்கு உடுப்புக் கிளிப் மாதிரிச் சின்ன மரக் கிளிப் 40, நட்சத்திர ஸ்ரிக்கர் தாள் ஒரு கட்டு, மேசையில வைச்சுக் கையால அமத்திற மணி, மண் ரைமர் மூண்டு, 'எங்கள் வகுப்பு விதிகள்' எண்டு தலைப்பு மட்டும் போட்ட வெறும் வெள்ளைப் போர்ட் ஒண்டு, ரெண்டு பக்கமும் ஒட்டுற ரேப் ஒண்டு.

ரேப்பில இருந்து துவங்கிறன் ஏன் எண்டா முதல் தோத்தது அதுதான். எங்கட கட்டடம் பழசு, அரைச்சுவர், சுண்ணாம்பு அடிச்சது, கையை வைச்சாலே வெள்ளை ஒட்டும். பத்துக் கார்டையும் வெள்ளிக்கிழமை பின்னேரம் இருந்து அளந்து வடிவா ஒட்டிப்போட்டுப் போனன், திங்கள் வந்து பாக்க எல்லாம் நிலத்தில, சுண்ணாம்புத் தோலோட சேந்து. பேந்து கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பில தூக்கி விட்டன், அது சித்திரை வரைக்கும் நிண்டது. வைகாசியில சோளகக் காத்துத் துவங்கினோண்ண எல்லாம் பட்டம் மாதிரி அடிச்சு அடிச்சு, ரெண்டு கார்ட் பக்கத்து வகுப்புக்க பறந்து போய், அந்த ரீச்சர் "உங்கட விதியள் எங்கட வகுப்புக்கு வந்திட்டுது" எண்டு ஒரு பிள்ளையிட்டக் குடுத்து விட்டவ. பெயின்ற் அடிச்ச வழுவழுப்பான சுவர் எண்டா ரேப் நிக்குமாக்கும்.

இனிக் கார்ட். மூண்டு மொழியிலயும் அடிச்சிருக்கினம், அது நல்ல விசயம்தான், ஆனா தமிழை ஆர் எழுதினதோ தெரியேல்ல, தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளிட்ட ஒருக்காலும் காட்டேல்ல எண்டு மட்டும் வடிவா விளங்குது. ஒரு கார்டில 'உங்கள் கைகளை உங்களிடமே வைத்திருங்கள்' எண்டு கிடக்கு. மற்றப் பிள்ளைக்கு அடிக்காத, தள்ளாத, இழுக்காத எண்டு சொல்ல வந்திருக்கினம். நான் அதை வாசிச்சுக் காட்டினோண்ண முன் வாங்கில இருந்த பெடியன் ரெண்டு கையையும் களிசான் பொக்கற்றுக்க விட்டுட்டார், பிறகு எழுதச் சொல்ல "ரீச்சர், கையை எடுக்கலாமோ?" எண்டு கேக்கிறார். இன்னொண்டு 'உள் குரலைப் பயன்படுத்தவும்', வகுப்புக்க மெதுவாக் கதையுங்கோ எண்டு சொல்ல வந்திருக்கினம். அதை விளங்கப்படுத்த எனக்கே வழி தெரியேல்ல, ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு தொண்டைக்கால உறுமிக் காட்டினா, மிச்சம் முப்பதும் சேந்து உறுமிச்சுது, அண்டைக்கு முதலாம் பாடம் அதோட போச்சு.

படங்களும் அப்பிடித்தான். கம்பளத்தில வட்டமா இருக்கிற வெள்ளைக்காரப் பிள்ளையள், ஆளுக்கொரு லொக்கர். எங்கட பிள்ளையள் வாங்கில நாலு பேர் இடிபட்டு இருக்கினம், புத்தகப் பை காலடியில, தண்ணிப் போத்தல் மேசையில உருண்டு விழும். 'உங்கள் பொருட்களை லொக்கரில் வையுங்கள்' எண்ட கார்டை நான் தொங்கவே விடேல்ல.

ஆனா நியாயமாச் சொல்லோணும், மொழிபெயர்ப்பு நல்லா இருந்திருந்தாலும் அந்தக் கார்டுகள் பெரிசா உதவியிருக்காது. பத்து விதி எண்டுறது ஆறு ஏழு வயசுப் பிள்ளைக்குக் கூட. எனக்கே பத்தையும் பாக்காமச் சொல்ல வராது. அதோட அச்சடிச்சு வந்த விதி ஆற்றையோ விதி, பிள்ளையளுக்கு அது சுவரில இருக்கிற இன்னொரு படம், அவ்வளவுதான். நாங்கள் படிக்கேக்க இருந்த விதி ஒண்டே ஒண்டு: கையைக் கட்டு வாயைப் பொத்து. அதுக்குக் கார்ட் தேவைப்படேல்ல, மேசையில பூவரசந்தடி கிடந்தது. மொனிற்றர் போர்டில 'கதைத்தோர்' எண்டு தலைப்புப் போட்டு எழுத, ரீச்சர் வந்து வரிசையா அடிமட்டத்தால ஆளுக்கு ரெண்டு. எங்கட வகுப்பு மொனிற்றர் தனக்குப் பிடிக்காதவையின்ர பேரை அவை வரமுதலே எழுதி வைச்சிடுவா, ஒரு நாள் பள்ளிக்கூடம் வராத பிள்ளையின்ர பேரும் அதில இருந்தது.

இப்ப தடி இல்லை. 2005 இலேயே கல்வி அமைச்சு 2005/17 எண்ட சுற்றறிக்கை போட்டுப் பாடசாலையில உடல் தண்டனை கூடாதெண்டு சொல்லியாச்சு, ஆராவது பிள்ளைக்கு அடிச்சா 1929 எண்ட சிறுவர் உதவி இலக்கத்துக்குப் போன் பண்ணி முறையிடலாம் எண்டு பெற்றோருக்கும் தெரியும். தெரிஞ்சும் இப்பவும் சில அம்மாமார் முதல் நாளே வந்து "ரீச்சர், கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரியுங்கோ, நாங்கள் ஒண்டும் கேக்க மாட்டம்" எண்டு சொல்லுவினம். நான் சிரிச்சுப்போட்டு அனுப்பிறது. கஷ்டம் என்னெண்டா, தடியை எடுக்காதேங்கோ எண்டு எங்களுக்குச் சொன்ன அளவுக்கு அந்தக் கையில வேற என்ன வைச்சிருக்கோணும் எண்டு ஆரும் காட்டித் தரேல்ல. அந்த இடைவெளிக்கதான் உந்தப் பெட்டி மாதிரிச் சாமான்கள் வந்து விலைப்படுது, நானும் அதாலதான் வாங்கினன்.

இப்ப அந்த மூண்டு கலர்ச் சார்ட். பெட்டிக்க பாக்க ஆக வடிவானது இதுதான், உண்மையில ஆகக் கூடாததும் இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிளிப், அதில பேர் எழுதோணும், காலமை எல்லாரும் பச்சையில, குழப்படி செய்தா மஞ்சள், திரும்பவும் செய்தா சிவப்பு. முதல் மூண்டு நாள் வகுப்பு ஊசி விழுந்தாக் கேக்கும், நான் அதிபரிட்டப் போய்ப் பெருமையாச் சொல்லிப்போட்டும் வந்தன். ரெண்டாம் கிழமை பாத்தா பச்சையில எந்த நாளும் அதே இருபது பேர், சிவப்பில எந்த நாளும் அதே மூண்டு பேர். ஒன்பது மணிக்கே சிவப்புக்குப் போன பிள்ளை மிச்ச நேரம் ஏன் ஒழுங்கா இருக்கோணும்? இனிப் போறதுக்குக் கீழ இடமில்லை. கேற்றடியில அம்மாமார் நிண்டு "இண்டைக்கும் உங்கட ஆள் சிவப்போ?" எண்டு கேக்கினம், தங்கட பிள்ளையைப் பத்தி இல்லை, மற்றப் பிள்ளையைப் பத்தி. வீட்டை போய்ச் சொல்லுறது பச்சைக்காரர்தானே.

ஒரு நாள் காலமை நான் கொஞ்சம் பிந்தி வகுப்புக்க வாறன், அந்த மூண்டு பேரில ஒருத்தர் வாங்கில ஏறி நிண்டு தன்ர கிளிப்பைக் கழட்டிச் சிவப்பில குத்துறார். ஒருத்தரும் சொல்லேல்ல, மணிகூட அடிக்கேல்ல. ஏனப்பு உப்பிடிச் செய்யிறீர் எண்டு கேக்க, "பேந்து அங்கதானே போகும் ரீச்சர்" எண்டு சாதாரணமாச் சொல்லிப்போட்டு இறங்கிப் போய் இருந்திட்டார். அழவும் இல்லை ஒண்டும் இல்லை. அண்டைக்குப் பள்ளிக்கூடம் விட்டோண்ண சார்ட்டைக் கழட்டிச் சுருட்டி அலுமாரிக்கு மேல போட்டதுதான், இண்டை வரைக்கும் அங்கதான் கிடக்கு. அந்தப் பெடியனை நான் பிறகு திருத்தி எடுத்திட்டன் எண்டு கதை சொல்ல வரேல்ல, அவர் இப்பவும் ஓடித்திரியிறவர்தான், ஆனா தான் சிவப்பு எண்டு நினைச்சுக்கொண்டு ஓடுறேல்ல.

இன்னொரு குறையும் இருக்கு அந்தச் சார்ட்டில. கிளிப்பை மாத்திறதெண்டா நான் பாடத்தை நிப்பாட்டிப்போட்டு, பிள்ளையளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரடிக்குப் போகோணும். அந்த அரை நிமிசத்தில பின்னால மூண்டு றப்பர் பறக்கும். கோப்பாய்க் கலாசாலையில ரெயினிங் எடுக்கேக்க கூனின் எண்ட அமெரிக்கரைப் பத்திப் படிச்சனாங்கள், 1970 இல வெளியான ஆராய்ச்சி அவற்றை. வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பாத்திருக்கிறார், பிள்ளை குழப்படி செய்த பிறகு ரீச்சர் என்ன செய்யிறா எண்டதில நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடைக்கேல்லயாம், வித்தியாசம் முழுக்க அதுக்கு முதலேதான், முழு வகுப்பிலயும் என்ன நடக்குது எண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்கிறதில. எங்கட ஆக்கள் முதுகிலயும் கண் இருக்கிற ரீச்சர் எண்டு சொல்லுறது அதைத்தான். சோதினைக்குப் பாடமாக்கின நேரம் அது ஒரு பந்தி, அவ்வளவுதான். கிளிப்பும் கையுமா சுவரடியில நிக்கேக்கதான் விளங்கிச்சுது.

ஸ்ரிக்கர் பத்திக் கனக்கச் சொல்ல இல்லை. பசை நல்ல பசை, நெத்தியில ஒட்டினா வீடு போய்க் குளிக்கும் வரைக்கும் நிக்கும். முதல் மாசம் ஆலாப் பறந்தினம். ரெண்டாம் மாசம் ஒரு பெட்டை "கொப்பியை அடுக்கி வைச்சா எத்தினை ஸ்ரார் ரீச்சர்?" எண்டு கேட்டா, தை மாசம் முழுக்க ஒண்டும் கேக்காமலே கொப்பி அடுக்கினவ அவ. இதையும் படிச்சனாங்கள்தான், 1973 இல அமெரிக்காவில ஒரு முன்பள்ளியில செய்தது, கீறுறதில விருப்பமுள்ள பிள்ளையளுக்கு 'கீறினாப் பரிசு' எண்டு முதலே சொல்லிக் குடுத்துப் பாக்க, பிறகு சும்மா விடேக்க அந்தப் பிள்ளையள் முந்தின அளவுக்குக் கீறப் போகேல்லயாம். ஸ்ரிக்கரை நிப்பாட்டிப்போட்டு ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலும் புளியங்கொட்டையும் கொண்டு வந்தன், முழு வகுப்பும் ஒரு வேலையை ஒழுங்காச் செய்தா ஒரு கொட்டை, போத்தல் நிரம்பினா வெளியில வேப்பமரத்துக்குக் கீழ கிளித்தட்டு. அதுவும் ஒரு பரிசுதானே எண்டு நீங்கள் கேப்பியள், ஓம் பரிசுதான், ஆனா இதில ஆற்றையும் பேர் இல்லை. ஒரே ஒரு பிழை, நடுவில ஒரு கிழமை கொட்டை குறைஞ்சுகொண்டு போச்சுது, பாத்தா ஒருத்தர் வறுத்துத் தின்ன வீட்டை கொண்டு போயிருக்கிறார்.

மணி. எனக்கு நல்லாப் பிடிச்சது, ஒருக்கா அமத்தினா 'டிங்' எண்டு கோயில் மணி மாதிரி இழுக்கும், வகுப்பு நிக்கும். ஆனா எங்கட கட்டடத்தில மூண்டு வகுப்புக்கு நடுவில இருக்கிறது பலகைத் தட்டி மட்டும்தான், நான் அமத்த பக்கத்து வகுப்பும் நிக்குது, அங்கால முதலாம் வகுப்புப் பிள்ளையள் இன்ரவெல் எண்டு நினைச்சுச் சோத்துப் பெட்டியைத் திறக்குதுகள். ரெண்டு நாளில அந்த ரீச்சர் வந்து வலு மரியாதையா "அக்கா, உங்கட மணியைக் கொஞ்சம்..." எண்டு இழுத்தா. நாலு சுவரும் உள்ள வகுப்பு எண்டா வாங்கலாம். அதுக்குப் பிறகு நான் கைதட்டுக்கு மாறிட்டன், ரெண்டு தட்டு மெதுவா மூண்டு தட்டு கெதியா, பிள்ளையள் திரும்பத் தட்டோணும், தட்டினாக் கையில பென்சில் இருக்காது, வாயும் நிக்கும். மணியோ கைதட்டோ, அது நிண்டோண்ண நான் கதைக்கத் துவங்கிடக் கூடாது, கடைசிப் பிள்ளை நிக்கிற வரைக்கும் நானும் நிக்கோணும். முதல் நாள் ஒரு நிமிசத்துக்கு மேல நிண்டன், என்ர காலே உளைஞ்சுது. ஒருக்கா அவசரத்தில சத்தத்துக்கு மேலால கதைச்சன் எண்டா அடுத்த நாள் திரும்ப முதல்ல இருந்து.

கடையில போய் மணி அமத்தினா வேலை செய்யேல்ல எண்டு சொல்லி மாத்தக் கேட்டதும் நடந்தது, அது ஆவணியில, உள்ளுக்க சுருள் கழண்டிட்டுது. "பெட்டியைத் திறந்தாப் பிறகு எடுக்கிறேல்ல ரீச்சர்" எண்டிட்டினம். திறக்காம எப்பிடி மணி வேலை செய்யேல்ல எண்டு தெரியும் எண்டு கேட்டன், அதுக்கு ஒரு சிரிப்புத்தான்.

இனி அந்த ஐஞ்சுக்கு ஐஞ்சு. மண் ரைமர்தான். ஒரு நிமிசம், மூண்டு நிமிசம், ஐஞ்சு நிமிசம் எண்டு மூண்டு. போனில வைச்சுப் பாத்தனான், ஒரு நிமிசத்தது சரி, மூண்டு நிமிசத்தது 2 நிமிசம் 40 செக்கனில முடியுது, ஐஞ்சு நிமிசத்தது ஆறுக்குக் கிட்ட இழுக்குது, அதனால விஞ்ஞானப் பரிசோதனைக்கு வாங்கிப்போடாதேங்கோ. ஆனா ரெண்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல சாமானை நான் பதினாலு வருசத்தில காணேல்ல. "கெதியா அடுக்குங்கோ கெதியா அடுக்குங்கோ" எண்டு நான் கத்திறதும் பிள்ளையள் மெதுவா அசையிறதும் எந்த வகுப்பிலயும் நடக்கிறதுதானே, அதில சண்டை எனக்கும் பிள்ளையளுக்கும். மண்ணைத் திருப்பி மேசையில வைச்சுப்போட்டு நான் பேசாம இருந்தா சண்டை மண்ணுக்கும் பிள்ளையளுக்கும். "மண் முடியுது, மண் முடியுது" எண்டு தாங்களே ஆளை ஆள் துரத்துவினம். நேரம் கண்ணுக்குத் தெரியுது, அதுதான் விசயம், இந்த வயசுக்கு மணிக்கூடு இன்னும் சரியாப் பாக்க வராது, 'இன்னும் ரெண்டு நிமிசம்' எண்டு சொன்னா அது ஒரு சொல்லு மட்டும்தான். ஆனா மண்ணாலயும் எல்லாம் நடக்காது, சோதினை மாதிரி எழுதிற வேலைக்கு வைச்சனெண்டா ரெண்டு பிள்ளையள் எழுத்தை விட்டுட்டு மண்ணைப் பாத்துக்கொண்டு அழுகிற மாதிரி இருந்திச்சினம், அதோட எழுத்துக்கு வைக்கிறதை விட்டிட்டன். ஒரு ரைமர் விழுந்து வெளிப் பிளாஸ்ரிக் வெடிச்சது, கண்ணாடிக்கு ஒண்டும் ஆகேல்ல.

அந்த வெறும் வெள்ளைப் போர்டும் நல்லது, கடைக்காரர் அதை ஒரு பொருளாவே காட்டேல்ல, பெட்டிக்கு அடியில மட்டை மாதிரிக் கிடந்தது. மாசி முதல் கிழமை பிள்ளையளைக் கூப்பிட்டு இருத்தி, எங்கட வகுப்பு நல்லா இருக்கிறதெண்டா என்ன செய்யோணும் எண்டு கேட்டன். இருபத்திமூண்டு விதி வந்தது. எல்லாம் 'கூடாது'. அடிக்கக் கூடாது, நுள்ளக் கூடாது, மற்ற ஆக்களின்ர சோத்தை மணக்கக் கூடாது, ரீச்சர் இல்லாத நேரம் ரீச்சர் மாதிரிக் கத்தக் கூடாது (அதை எழுதேக்க நான் நிமிரேல்ல), வகுப்புக்க பாம்பு கொண்டு வரக் கூடாது. பாம்பு எண்ட பெடியன் கடைசி வரைக்கும் விடேல்ல, அது முக்கியம் எண்டு நிண்டார். பிறகு ஒவ்வொண்டா எடுத்து, ஓடக் கூடாது எண்டா அப்ப என்ன செய்யிறது, நடக்கிறது, சரி அதையே எழுதுவம் எண்டு எழுதி, ஒண்டுக்குள்ள ஒண்டை அடக்கி நாலுக்குக் கொண்டு வந்தம். ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் கேட்போம். வகுப்பில் நடப்போம். யாரையும் நோகச் செய்ய மாட்டோம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்போம். பாம்பு மூண்டாவதுக்க அடங்கும் எண்டு சொல்லி ஒரு மாதிரிச் சமாதானம். முதல்ல நான் எங்கட பேச்சிலதான் எழுதினனான், 'கேப்பம்', 'நடப்பம்' எண்டு, பார்க்க வந்த ஆசிரிய ஆலோசகர் பிள்ளையள் வாசிச்சுப் பழகிற இடம் எண்டபடியால் எழுத்துத் தமிழில போடச் சொன்னவ, அது நியாயம்தான், மாத்திட்டன். ஆனா வாயால சொல்லேக்க இப்பவும் நடப்பம்தான். அடியில முப்பத்தொரு பெருவிரல் அடையாளம், நீல மையில, என்ர விரலும் சேத்து முப்பத்திரெண்டு.

போர்டில எழுதினதோட ஒண்டும் நடக்காது, அதைத் திரும்பத் திரும்ப ஆடிப் பாக்கோணும், கணக்குப் படிப்பிக்கிற மாதிரி. கையை உயர்த்திறது எண்டா எப்பிடி, உயர்த்தினாப் பிறகு நான் கூப்பிடாட்டி என்ன செய்யிறது (அதைத்தான் ஆரும் சொல்லிக் குடுக்கிறேல்ல, பிள்ளை கையை உயர்த்திக்கொண்டே "ரீச்சர் ரீச்சர் நான் நான்" எண்டு கத்தும்), பைப்படிக்குக் கை கழுவப் போறதெண்டா வாசலில எப்பிடி நிக்கிறது, முன்னுக்கு நிக்கிறவர் எந்த மரத்தடியில நிக்கோணும். பைப்படிப் பயணத்தை முதல் கிழமை தண்ணியே திறக்காமச் சும்மா நாலு தரம் போய் வந்தம். அதிபர் கண்டிட்டு என்ன ரீச்சர் ஊர்வலமோ எண்டு கேட்டார். ஒருக்கா வேணுமெண்டே பிழையாச் செய்து காட்டச் சொன்னன், இடிச்சு ஓடி விழுந்து, அதில வந்த சந்தோசம்! பிறகு சரியாச் செய்து காட்டச் சொல்ல, சத்தியமா ஆமிக்காரர் மாதிரிப் போச்சினம். வகுப்புக்க ஓடினா எங்கட தண்டனை இவ்வளவுதான்: திரும்பப் போய் வாசலில இருந்து நடந்து வாறது. ஏச்சு இல்லை, பேர் எழுதிறேல்ல. கொட்டினாத் துடைக்கிறது, கிழிச்சா ஒட்டுறது.

இதெல்லாம் ஒருக்காச் செய்தா வருசம் முழுக்க நிக்கும் எண்டு நினைக்காதேங்கோ. சித்திரை லீவு முடிஞ்சு வர பாதி மறந்திட்டினம். நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறகு வரேக்க எல்லார் கையிலயும் ஊதுகுழல், விதி எண்டு ஒண்டு இருந்ததா எண்ட முகம். ஒவ்வொரு தவணையும் முதல் மூண்டு நாள் திரும்ப ஊர்வலம்தான். நான் ரெண்டு நாள் லீவு எடுத்து றிலீவுக்கு வேற ரீச்சர் வந்தாலும் அதே நிலைமை, இப்ப நான் ஒரு துண்டில நாலு விதியையும் கைதட்டையும் எழுதி றெஜிஸ்ரருக்க செருகி வைச்சிட்டுத்தான் லீவு எடுக்கிறது. ஆக மோசம் நானேதான். ஐப்பசியில ஒரு நாள் பாடத்துக்கு நடுவில போன் அடிக்க எடுத்துக் கதைச்சிட்டன், வீட்டு விசயம், ரெண்டு நிமிசம்கூட இல்லை. வைக்கேக்க முன் வாங்கில இருந்து ஒரு குரல், "ரீச்சர், அவ கதைச்சுக்கொண்டிருந்தவ, நீங்கள் கேக்கேல்ல." கவிதை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை இன்னும் எழும்பி நிக்குது. மன்னிப்புக் கேட்டுத் திரும்ப முதல் வரியில இருந்து சொல்லச் சொன்னன்.

சரி, வாங்கிறதோ இல்லையோ. முழுப் பெட்டிக்கு 3,450 குடுக்காதேங்கோ. கலர்ச் சார்ட்டும் ஸ்ரிக்கரும் ஆரும் சும்மா தந்தாலும் வேண்டாம். கார்டுகளின்ர பின்பக்கம் வெறும் வெள்ளை, லமினேற் எண்டபடியா மார்க்கரால எழுதி அழிக்கலாம், நான் சின்ன சிலேற் மாதிரிக் கணக்குக்குப் பாவிக்கிறன், அதுக்கு நல்லா உழைக்குது. மரக் கிளிப் நாப்பதும் பிள்ளையளின்ர சித்திரத்தைக் கயிறில தூக்கிறதுக்கு. வெள்ளைப் போர்டுக்குப் பதிலா ஒரு பிரிஸ்ரல் போர்ட் போதும், கீழ விரலடையாளம் வைக்க இடம் விட்டு எழுதுங்கோ. மண் ரைமர் தனியா அந்தக் கடையில குடுக்க மாட்டினம், கேட்டுப் பாத்தனான், வேற விளையாட்டுச் சாமான் கடைகளில பல்லுத் தீட்டிறதுக்கெண்டு சின்னப் பிள்ளையளுக்கு விக்கிற மண் ரைமர் கிடக்கும், அதுவே காணும், மூண்டு நிமிசத்தது எடுங்கோ.

மணிதான் வேணும் எண்டு நிக்கிறவை சைக்கிள் கடைக்குப் போங்கோ. என்ரது உடைஞ்சாப் பிறகு பாம்புப் பெடியன் தகப்பன்ர பழைய சைக்கிளில இருந்து ஒரு மணி கழட்டிக் கொண்டு வந்து தந்தவர், தகப்பனுக்குத் தெரியுமோ எண்டு கேட்டன், பின்னேரம் சொல்லுவாராம்.